மணி அடிக்கும் வரை

வாவிக்கரைப் பட்டினத்து மத்தியஸ்த சபையில் நெடுங்காலம் தவிசாளராய் வீற்றிருந்தவரும், பிணக்குப் பகுப்பாய்வு, மத்தியஸ்தம், உரையாடல் என்னும் மூன்று பாடங்களையும் எந்தக் கல்லூரியின் வாசற்படியையும் மிதியாமல் தாமே கற்றுத் தேறிப் பிறருக்கும் கற்பித்து வருபவருமாகிய வினாசித்தம்பி பூபாலபிள்ளை அவர்கள், வயது அறுபத்துமூன்று நிறைந்து அறுபத்துநான்கு நடக்கிறது, அன்று முற்பகல் பயிற்சி மண்டபத்தின் ஓரத்தில், வலது கையில் பித்தளைக் கைமணியைத் தூக்கிப் பிடித்து, அதன் நாக்கு அசையாதிருக்கும்படி இடது கைச் சுட்டுவிரலை உள்ளே கொடுத்து அழுத்தியவாறு நின்றுகொண்டிருந்தார். மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தும் உள்ளே ஓசையில்லை. ஓசை முழுவதும் வெளியே இருந்தது. பட்டினத்து இராணுவ முகாமிலிருந்து வாவிக்கு மேலாக மேற்கு நோக்கி ஷெல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்று புறப்படும்போதும் யன்னற் கண்ணாடிகள் பல்லைக் கடித்தன, மேசை மேலிருந்த தண்ணீர்ப் போத்தலில் தண்ணீர் வட்டம் வட்டமாய் நடுங்கிற்று. பயிற்சியின் முதல் நாளன்று அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் குனிந்தபோது மீன் வியாபாரி ஆதம்பாவா மட்டும் கதிரையில் அசையாமல் இருந்து, "பயப்புடாதீங்க, இது போறது, வாறதில்ல. வாறதெண்டா அதக் கேக்கிறத்துக்கு நாம இரிக்கமாட்டம்" என்று சொல்லி, மேசைக்கடியில் போன தலைகளையெல்லாம் சிரிப்போடு மேலே வரவழைத்தார். பூபாலபிள்ளையும் சிரித்தார். சிரித்தபின் யோசித்தார். போகிறது, சரி, எங்கே போகிறது? போய் விழுகிற இடத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டு ஒருத்தி இருப்பாளே, அவளுடைய மண்டபத்தில் எந்த ஆதம்பாவா என்ன சொல்லிச் சிரிக்க வைப்பான்? பிணக்குப் பகுப்பாய்வின் முதலாம் பாடமாக இந்தக் கேள்வியை வைத்தாலே போதும், மிகுதிப் பாடங்கள் தேவையில்லை. ஆனால் வைக்க முடியாது. யுத்தம் என்ற சொல் இந்த மண்டபத்துக்குள் வரக்கூடாது. பயிற்சியை நடத்தும் நிறுவனத்தின் சார்பில் கொழும்பிலிருந்து வந்திருந்த திட்ட அலுவலர் அனுஷ்யந்தன், மகன் வயதுப் பிள்ளை, குணத்தில் குறை சொல்ல முடியாத பிள்ளை, மிகவும் பணிவாகத்தான் சொன்னான்: "சேர், அந்த ஒரு சொல்ல மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கோ. நிலைமை எண்டு சொல்லலாம்தானே." நிலைமை! மழை பெய்யாவிட்டால் நிலைமை, பேருந்து வராவிட்டால் நிலைமை, வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு இரும்பு விழுந்தாலும் நிலைமை. காய்ச்சற்காரனுக்கு மருந்து கொடு, ஆனால் காய்ச்சல் என்று சொல்லாதே என்றால் வைத்தியன் என்ன செய்வான்? நிறுவனத்துக் கைந்நூலில் பனிப்பாறைப் படம் ஒன்று இருந்தது. மேலே தெரிவது சிறிது, நீருக்குள் மறைந்திருப்பது பெரிது, பிணக்கும் அப்படியே என்று விளக்கம். இந்த வாவிக்கரையில் பனிப்பாறையைக் கண்டவன் யார்? பூபாலபிள்ளை அதை வெட்டியெறிந்து முதலையை வரைந்தார். மேலே கண்ணும் மூக்கும், கீழே மற்ற எல்லாம். வகுப்பு முழுவதும் ஒரே கணத்தில் விளங்கிக்கொண்டது. அனுஷ்யந்தன் அதற்கும் முகம் சுளித்தான்: "கொஞ்சம் பயங்கரமா இருக்கு சேர்." பயங்கரமாய் இருக்கிறதாம். நல்லவேளை, நிலைமை என்று எழுதி முதலையின் மேல் ஒட்டச் சொல்லவில்லை.

ஆகவேதான் முத்துப்புரமும் செல்வபுரமும் பிறந்தன. அவை இரண்டும் பூபாலபிள்ளையின் சிருஷ்டி; எந்தக் கைந்நூலிலும் இல்லாதவை, எந்தத் தேசப்படத்திலும் இல்லாதவை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு மைதானம், மைதானம் யாருக்கென்று தகராறு. அந்த ஊர்களை அவர் எவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டினார்! ஒரு தெருவுக்கு வேப்பமர வீதி என்று பெயரிட்டார், ஒரு சிகையலங்காரக் கடை வைத்தார், செல்வபுரத்துத் தலைவருக்கு நீரிழிவு நோய்கூடக் கொடுத்தார். சிறு பிள்ளை மணலில் வீடு கட்டுவது போல என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. வேறு வழியில்லாமல் கட்டியது. உண்மையான ஊரின் பெயரை, உண்மையான தகராறை இந்த மண்டபத்தில் எடுத்தால், பின்வரிசையில் இருக்கும் யாராவது ஒருவர் மத்தியானத்துக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்த்துவிடுவார். யார் அந்த ஒருவர் என்பதும் எல்லாருக்கும் தெரியும். விளையாட்டுக் கழகச் செயலாளர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட தவேந்திரன், கழகத்தின் பெயரைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஆசுபத்திரி வீதியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீடு, வாசலில் காவலுக்குத் துவக்கோடு இரண்டு பொடியன்கள். ஊரார் அதைக் காரியாலயம் என்பார்கள், ஆயுதக்காரரின் காரியாலயம் என்று சொல்லமாட்டார்கள். தவேந்திரன் மாலையில் அங்கேதான் மோட்டார்ச் சைக்கிளை நிறுத்துவான். ஆகையால் இந்த வகுப்பில் மனிதர்கள் தங்கள் வாயால் பேசுவதில்லை, பாத்திரமேற்றுப் பேசுகிறார்கள். அதற்கு ஒரு விதி. பூபாலபிள்ளை ஒருமுறை மணி அடித்தால் பாத்திரம் தொடங்கும், மறுமுறை அடித்தால் முடியும். "மணி அடிக்கும் வரை நீங்கள் நீங்கள் அல்ல. பாத்திரம் சொன்னதற்கு ஆள் பொறுப்பில்லை. வெளியே போய் அதைப் பற்றிக் கோபிக்கவும் கூடாது, கேலி செய்யவும் கூடாது." வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் அதைக் கடைப்பிடித்தார்கள். தவேந்திரன் மற்றவர்களைக் காட்டிலும் நன்றாகக் கடைப்பிடித்தான். நேற்று அவனுக்குக் கிராம உத்தியோகத்தர் பாத்திரம். எதிராளி சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லும் பயிற்சியில் ஒரு சொல் பிசகாமல் சொன்னான், வகுப்பு கைதட்டியது, அவனுடைய காது சிவந்தது. கைதட்டல் அவனுக்குப் புதிது என்று அப்போது பூபாலபிள்ளைக்குத் தோன்றிற்று. அவன் போகுமிடமெல்லாம் மக்கள் எழுந்து நிற்பார்கள், கைதட்டமாட்டார்கள்.

இன்று செல்வபுரத்துத் தலைவர் பாத்திரத்தை அவனுக்குக் கொடுத்தது யார்? நான்தான். முத்துப்புரத்து மாதர் சங்கத் தலைவியை நேசம்மாவுக்குக் கொடுத்தது? அதுவும் நான்தான். வேண்டுமென்றா கொடுத்தேன்? இந்தக் கேள்வி தொடக்கத்திலிருந்து அவர் நெஞ்சில் முள்ளாய்ச் சுற்றிச் சுற்றிக் குத்தியது. காலைத் தேநீரின்போது நேசம்மா குடிக்காத கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பாய் பின்னும் சங்கத்தின் சார்பில் வந்திருந்தவள், இரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசாதவள். "சேர், நீங்க மத்தியஸ்தம் படிப்பிக்கிறீங்க. எனக்காக ஒருக்கா அந்தக் காரியாலயத்துக்கு வந்து கதைப்பீங்களா? என்ட புள்ளய ரியூசனால வரக்குள்ள ஏத்திட்டுப் போயிட்டானுகள். நான் வாசல்ல போய் நிண்டா உள்ளுக்கு விடுறானுகளில்ல. நீங்க போனா இரிக்கச் சொல்லுவானுகள்." அதற்கு அவர் என்ன சொன்னார்? இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. "அம்மா, நாங்கள் பயிற்சி மட்டுமே அளிக்கிறோம். தனிப்பட்ட விவகாரங்களில் நிறுவனம் தலையிடுவதில்லை." அச்சடித்த வாக்கியம். ஒரு பிழையில்லாத வாக்கியம். வாழ்நாள் முழுவதும் அச்சடித்த வாக்கியங்களைப் படித்துப் படித்து, அகராதியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு உறங்கி, இறுதியில் ஒரு தாயின் முகத்துக்கு நேரே இந்த வாக்கியத்தை நீட்டத்தானா? அவள் அழவில்லை. "ஓம் சேர்" என்றாள். கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். தலையிடுவதில்லையாம்! வேறு எதில் தலையிடுவதற்காக இந்த மண்டபத்துக்கு மின்விசிறி, மதியச் சோறு, வர்ண வர்ணப் பேனைகள்? குளத்துக்குப் போகாமல் நீச்சல் கற்பிக்கிற வித்தை இது. பயமா? பயமென்றே சொல், பூபாலபிள்ளை. நிறுவனம் என்று சொல்லாதே. நீயும் நிலைமை என்று சொல்கிறாய். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னே ஒரு சுற்றிவளைப்பின் மறுநாள், மனைவியின் தம்பியைத் தேடி அவர் ஓர் இராணுவ முகாம் வாசலில் நின்றார். அவரோடு நூற்றுக்கணக்கானோர் நின்றார்கள். காவலுக்கு நின்றவன் தலையை நிமிர்த்தவேயில்லை, தோடம்பழம் உரித்துக்கொண்டே, "பிறகு வாங்க" என்றான். தோடம்பழத்தின் மணம் இன்றும் மூக்கில் நிற்கிறது. மறுநாளும் பிறகு. மறு மாதமும் பிறகு. மைத்துனனுக்கு அன்று இருபத்திரண்டு வயது. இன்றும் இருபத்திரண்டு வயதுதான், வளரவில்லை. அந்த வாசலில் நின்றபோதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது: எதிரே நிற்பவனை நிமிர்ந்து பார்க்க வைக்கும் ஒரு வித்தை உலகில் எங்காவது இருக்கவேண்டும், இருந்தால் அதைக் கற்கவேண்டும். கற்றார். ஆட்டுக்குட்டி வழக்கு, வேலி வழக்கு, அவதூறு வழக்கு, தண்ணீர் வழக்கு. சபையில் அவர் தீர்த்துவைத்த வேலிகளைத் தொடுத்து நட்டால் வாவியைச் சுற்றி வரும். அந்த வாசலை மட்டும் அவர் தீர்க்கவில்லை. அந்த வாசலுக்கு இன்று காலை ஒருத்தி அவரை அழைத்தாள். அவர் பயிற்சி மட்டுமே அளிக்கிறார்.

அதன் பின்னர்தான் அவர் பாத்திரங்களைப் பங்கிட்டார். கை தானாகவே அந்த இருவரையும் சுட்டியது. மத்தியஸ்தர் பாத்திரம் ஆதம்பாவாவுக்கு. மணி அடித்தார். தவேந்திரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நீரிழிவுக்காரன் போல் மெல்ல அமர்ந்து, "வாங்க அக்கா, இரிங்க. மைதான விசயமாத்தானே வந்திரிக்கிறீங்க?" என்று கம்பீரமாய்த் தொடங்கினான். நல்ல தொடக்கம் என்று பூபாலபிள்ளையின் மனத்துக்குள் இருந்த ஆசிரியர் மதிப்பெண் போட்டார். நேசம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "தலைவர், மைதானம் எங்களுக்கு வேணாம். நீங்களே வெச்சிக்கொள்ளுங்க" என்றாள். வகுப்பு சிரித்தது. "என்ன அக்கா, ஆட்டம் துவங்க முதலே தோத்திட்டீங்க?" என்றான் தவேந்திரன். "விளையாடுறத்துக்குப் புள்ள வேணுமே தலைவர். அந்த மைதானத்தக் கடந்து ரியூசனுக்குப் போன எங்கட ஊர்ப் புள்ள ஒண்டு திரும்பி வரல்ல. பதினாறு வயது. உங்கட ஊர்ப் பொடியன்மார் ஏத்திட்டுப் போனத்தக் கண்ட ஆக்கள் இரிக்கிறாங்க." சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை, தவேந்திரனின் முகத்தில் மட்டும் அது வேலையற்று நின்றது. ஒரு ஷெல் போயிற்று. பின்வரிசையில் அனுஷ்யந்தன் மடிக்கணினியை மூடினான். தவேந்திரன் திரும்பி மண்டப ஓரத்தைப் பார்த்தான். "சேர், இது கதையில இரிக்கா?" எல்லாத் தலைகளும் பூபாலபிள்ளையை நோக்கித் திரும்பின. இப்போது அடித்துவிடலாம். மணியை ஒரு முறை அசைத்தால் போதும். சகலமும் பழையபடி ஆகும், அவள் பாய் பின்னுகிறவள் ஆவாள், அவன் செயலாளர் ஆவான், நான் சம்பளம் வாங்குகிற கிழவன் ஆவேன், மதியத்துக்குக் கோழிக்கறி என்று சொன்னார்கள். கையில் மணி கனத்தது. உள்ளே அழுத்தியிருந்த சுட்டுவிரல் மரத்துப்போயிருந்தது. யார் இவன், கதையில் இருக்கிறதா என்று என்னிடம் கேட்பதற்கு? ஒரு பிள்ளையை வீதியில் வைத்து ஏற்றிக்கொண்டு போகும்போது யாரிடம் கேட்டான், இது கதையில் இருக்கிறதா என்று? கோபம் அடிவயிற்றிலிருந்து புறப்பட்டுத் தொண்டைக்கு வந்து, அங்கே வழக்கம் போல் நல்ல தமிழாய் மாறிற்று. "ஊரைப் பற்றி ஊரார் சொல்வதுதான் கதை, தலைவர் அவர்களே. தொடருங்கள்."

தலைவர் அவர்களே என்றது வேலை செய்தது. தவேந்திரன் என்று அழைத்திருந்தால் அவன் எழுந்து போயிருப்பான். தலைவர் எழுந்து போக முடியாது, தலைவரை முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆதம்பாவா தொண்டையைக் கனைத்தார். மீன் சந்தையில் ஏலம் கூறிப் பழகிய அந்தக் குரல் இன்று சிறிது நடுங்கியதைப் பூபாலபிள்ளை கவனித்தார். "சரி, இனி நான் மத்தியஸ்தர் கதைக்கிறன். சேர் படிப்பிச்ச மாதிரித்தான். தலைவர், இந்தத் தங்கச்சி சொன்னத்த நீங்க உங்கட வாயால திருப்பிச் சொல்லணும். ஓம் எண்டு சொல்லச் சொல்லல்ல. கேட்டதச் சொன்னாப் போதும்." நேற்றுக் கைதட்டல் வாங்கிய பயிற்சி. தவேந்திரன் முதுகை நிமிர்த்தினான். அவன் அதை நன்றாகச் செய்ய விரும்பினான், அதை மறைக்கவும் முடியவில்லை. கண்ணை ஒரு கணம் மூடி, சொற்களை ஒழுங்குபடுத்தி, வகுப்பில் கற்றபடியே தொடங்கினான். "நீங்க சொல்லுறது எனக்கு விளங்கின அளவில, மைதானம் உங்களுக்கு முக்கியமில்ல. கேமலதாவ எங்கட ஆக்கள் ஏத்திட்டுப் போனதுதான் உங்களுக்குப் பிரச்சினை. சரியா?" சரி. ஒரு சொல் பிசகவில்லை. ஒரு சொல் கூடுதலாக இருந்தது. மண்டபம் அதைக் கேட்டது. ஒரு கணம் பூபாலபிள்ளைக்கே, பிள்ளையின் பெயரை அவள்தான் சொன்னாளோ, நான்தான் கவனிக்கவில்லையோ என்று தடுமாற்றம் வந்தது. இல்லை. சொல்லவில்லை. நேசம்மா மடியிலிருந்த கைகளைப் பார்த்தவாறே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நான் பேர் சொல்லல்ல தலைவர்."

வெளியே ஷெல் நின்றிருந்தது. தவேந்திரனின் கை இடுப்புப் பக்கம் போகிறதா? இல்லை, கைக்குட்டையை எடுக்கிறான். இன்று மாலை என் வீட்டு வாசலில் மோட்டார்ச் சைக்கிள் நிற்குமா? மனைவி கதவைத் திறப்பாள், யாரென்று கேளாமல் திறப்பாள், பதினாறு ஆண்டுகளாய் அப்படித்தான் திறக்கிறாள், தம்பியாய் இருக்கலாம் என்று. நேசம்மாவின் வீட்டு வாசலிலா? இதற்கெல்லாம் கைந்நூலில் ஓர் அத்தியாயம் உண்டா? பாதுகாப்பான வெளியை உருவாக்குதல் என்று ஓர் அத்தியாயம் உண்டு, கதிரைகளை வட்டமாய்ப் போடவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. வட்டமாய்த்தான் போட்டிருக்கிறோம்! பாதுகாப்பாம். பூக்கள் வைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. இந்த நூலை எழுதியவன் ஒருநாள் இந்த வட்டத்தில் வந்து இருக்கட்டும். அப்போது தவேந்திரன் வாய் திறந்தான். அவன் குரலில் அதிகாரமும் இல்லை, நடிப்பும் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "சரி அக்கா. இத நாங்க பிறகு பேசுவம்." பிறகு. தோடம்பழத்தின் மணம் மண்டபம் முழுவதும் பரவிற்று. பிறகு! எத்தனை வாசல்கள், எத்தனை காவற்காரர்கள், சீருடை மாறும், கட்சி மாறும், கொடி மாறும், இந்த ஒரு சொல்லை மட்டும் ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்குப் பத்திரமாய்க் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பூபாலபிள்ளை வாய் திறக்கப் போனார். பாத்திரம் நடக்கும்போது ஆசிரியர் குறுக்கிடலாகாது என்பது அவரே வைத்த விதி, ஒருமுறை மீறியாயிற்று, இன்னொருமுறை மீறினால் இது மத்தியஸ்தம் ஆகாது, கிழவன் ஒருவனின் கூச்சலாகும். நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆதம்பாவா அவரைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வர்ணப் பேனையின் மூடியைக் கழற்றி, சுவரில் ஒட்டியிருந்த பெரிய கடதாசியின் முன்னே போய் நின்று, முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "பிறகு எண்டு எழுத ஏலாது தலைவர். நாள் இல்லாத உடன்பாடு உடன்பாடு இல்லையெண்டுதான் இஞ்ச படிப்பிச்சது. புள்ள வந்து சேருற நாள் ஒண்டு தாங்க, இதுக்குள்ள எழுதுறத்துக்கு." யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து, "ஓம், நாள் சொல்லணும்" என்றாள். இன்னொரு குரல், "நேத்து எங்களயும் சொல்ல வெச்ச நீங்கதானே தலைவர்" என்றது. உண்மைதான், நேற்றுக் கிராம உத்தியோகத்தராய் இருந்தபோது தண்ணீர்க் குழாய் திருத்தும் நாளை விடாப்பிடியாய்க் கேட்டு வாங்கியவன் அவனே. தவேந்திரன் அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தான். யார் சொன்னது என்று தேடும் பார்வை அல்ல அது. நினைவுக்கு வந்ததை ஒப்புக்கொள்ளும் பார்வை, அல்லது பூபாலபிள்ளை அப்படி எண்ண விரும்பினார். "வெள்ளிக்கிழமை" என்றான். "காலமயா, பின்னேரமா?" என்று கேட்டார் ஆதம்பாவா, மீன் கூடை வரும் நேரத்தைக் கேட்பது போல. "காலம. துறையடியில. முதல் பாதை வெளிக்கிட முதல்." வாவியைக் கடக்கும் மிதவைப் படகைத்தான் இந்தப் பக்கத்தில் பாதை என்பார்கள். ஆதம்பாவா எழுதினார். எழுத்து கோணலாய் இருந்தது, எழுதியது கோணல் இல்லை.

வழக்கப்படி உடன்பாட்டை உரக்க வாசித்தார்கள். வழக்கப்படி எல்லாரும் எழுந்து நின்றார்கள். வழக்கப்படி கைதட்டவும் வேண்டும், ஆனால் ஒருவரும் தட்டவில்லை. அனுஷ்யந்தன் மெல்ல வந்து காதோரமாய், "சேர், நேரம் போச்சுது, மணிய அடியுங்கோ. ப்ளீஸ்" என்றான். அவன் உதடு வெளுத்திருந்தது. அவனுக்கும் ஒரு தாய் கொழும்பில் இருப்பாள். அடித்தால்? அடித்தால் தலைவர் போய்விடுவார், தவேந்திரன் மிஞ்சுவான். முப்பது பேர் முன்னே வாய் தவறிய தவேந்திரன். முத்துப்புரத்து மாதர் சங்கத் தலைவி போய்விடுவாள். ஆயுதக்காரனை முகத்துக்கு நேரே பிள்ளை பிடித்தவன் என்று சொன்ன நேசம்மா மிஞ்சுவாள், தனியே வீட்டுக்குப் போகவேண்டியவள். மணி அடிக்கும் வரை நீங்கள் நீங்கள் அல்ல. இரண்டு நாளாய் அவரே ஓதிய விதி, ஒரு விளையாட்டுக்காக வைத்த விதி, இப்போது பார்த்தால் இந்தப் பட்டினத்தில் எல்லாரும் மதிக்கிற சட்டம் அது ஒன்றுதான் போலிருந்தது. அரசியல் யாப்பு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, சர்வதேச ஒப்பந்தங்கள் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றன. ஒன்றும் ஒரு பிள்ளையைக் காப்பாற்றவில்லை, ஒரு பித்தளை மணியைப் பிடித்துக்கொண்டு தொங்கவேண்டியிருக்கிறது, வெட்கம், வெட்கம்! பூபாலபிள்ளை தோள்துண்டை எடுத்து மணியின் வாய்க்குள் திணித்தார். நன்றாகத் திணித்து, முடிச்சும் போட்டு, தம் துணிப்பைக்குள் வைத்தார். பின்பு நிமிர்ந்து நின்று, மத்தியஸ்த சபையில் தீர்ப்பு வாசிக்கும் குரலில் அறிவித்தார்: "செல்வபுரத்துத் தலைவர் அவர்களுக்கும் முத்துப்புரத்து மாதர் சங்கத்தாருக்கும் நன்றி. உடன்பாடு நிறைவேறியதும் மணி அடிக்கப்படும். இப்போது சாப்பிடப் போகலாம்."

சாப்பாட்டு வரிசையில் தவேந்திரன் அவருக்குப் பின்னால் வந்து நின்றான். சோற்றுத் தட்டை நீட்டியவாறே, "சேர் மணி அடிக்கல்லியே" என்றான். "இல்லை, தலைவர் அவர்களே." "அப்ப நான் வெள்ளிக்கிழம மட்டும் தலைவர்தானா?" "அதுதான் விதி." அவன் சோற்றைப் பார்த்தான், கறியைப் பார்த்தான், பின் சிரித்தான், அந்தச் சிரிப்பின் அடியில் என்ன கிடந்ததென்று பூபாலபிள்ளையால் இறுதிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. "எனக்குச் சீனி வருத்தமும் குடுத்திரிக்கிறீங்க சேர்" என்று சொல்லிவிட்டு, கடைசியில் வைத்திருந்த இனிப்பு வட்டிலாப்பத்தை எடுக்காமல் போனான். கைகழுவும் இடத்தில் மூன்று பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மூத்தவள் தணிந்த குரலில் கேட்டாள்: "சேர், நாளைக்கு அந்த முத்துப்புரத்தாள எனக்குத் தருவீங்களா?" மற்றவள், "எனக்கு ஆம்பிளைப் புள்ள சேர், பதினேழு. அதுக்குத் தோதா ஒரு ஊர் எழுதுவீங்களா?" மூன்றாமவள் கேட்கவில்லை, கை கழுவி முடிந்த பின்னும் குழாயைத் திறந்துவிட்டபடியே நின்றாள். அவர் எத்தனை ஊர் எழுதுவார்? இந்தக் கரையில் எத்தனை முத்துப்புரம் வேண்டும்? முற்றத்தில் அனுஷ்யந்தன் கைத்தொலைபேசியில் கொழும்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஓம் மிஸ், மைதானப் பிணக்குப் பயிற்சிதான். நல்லபடியா முடிஞ்சுது. இல்லை, நிலைமை வழமை போலத்தான்." அன்று மாலையே மூன்றாம் நாட் பயிற்சி காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பூபாலபிள்ளை வெள்ளை வேட்டி உடுத்து, துணிப்பையோடு துறையடிக்குப் போனார். ஆதம்பாவா மீன் பெட்டி கட்டிய சைக்கிளைப் பிடித்தபடி அங்கே முன்னமே நின்றார். தாம் வழமையாய் நிற்கிற இடம்தான் என்று சொன்னார், அது பொய். நேசம்மா தனியே ஒரு கட்டையில் இருந்தாள். பாதை மறுகரையிலிருந்து வந்து சேர்ந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறுவோர் கூடினார்கள், வருவதாய் இருந்த நேரம் வந்தது, போகவும் தொடங்கியது. பிறகு, பிறகு, பிறகு என்று அலை கட்டையில் தட்டியது. எதிர்பார்த்தாயா, பூபாலபிள்ளை, அறுபத்துமூன்று வயதில், ஒரு நாடகத்தில் சொன்ன சொல்லை? அப்போது வீதி முனையில் ஒரு முச்சக்கரவண்டி நின்று, யாரையோ இறக்கிவிட்டு, நின்ற வேகத்திலேயே திரும்பிப் போயிற்று. இறங்கிய பிள்ளைக்கு முடி பிடரியோடு கத்தரிக்கப்பட்டிருந்தது. பெரிய ஆணின் சட்டையொன்று முழங்கால் வரை தொங்கியது. அவள் நடந்து வந்தாள், ஓடவில்லை, ஓடலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நேசம்மா எழுந்து போய்த் தன் சேலைத் தலைப்பால் அந்தத் தலையை மூடினாள். அழவில்லை. பிள்ளையை அணைத்தவாறே அவர் பக்கம் வந்து, நன்றி என்றும் சொல்லாமல், "இனி அடிங்க சேர்" என்றாள். அவர் முடிச்சை அவிழ்க்கத் திணறினார். ஆதம்பாவாதான் பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தார். பூபாலபிள்ளை மணியைத் தலைக்கு மேல் தூக்கி அடித்தார். ஒருமுறை போதும், அவர் நிறுத்தவில்லை, பதினாறு ஆண்டுக் கோபம் கையில் ஏறியிருந்தது. பாதை புறப்படப் போகிறதென்று எண்ணி, சைக்கிள்களும் பாற்கலங்களும் பாடசாலைப் பிள்ளைகளுமாய் ஆட்கள் பலகையில் தடதடவென்று ஓடி ஏறினார்கள். படகுக்காரன் "ஆர்ரா அது மணி அடிக்கிறது?" என்று ஏசினான். ஓடாமல் நின்றவர்கள் பயிற்சிக்கு வந்த அந்த மூன்று பெண்கள் மட்டுமே. மதிலோரம் வந்து நின்ற அவர்கள் நேசம்மாவின் பிள்ளையைப் பார்க்கவில்லை, அவர் கையிலிருந்த மணியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நாள் குறித்துக் கொடுக்க ஒருவருமில்லை. முத்துப்புரத்தாருக்கும் செல்வபுரத்தாருக்கும் இருந்த பிணக்கு மட்டும், மைதானம் எவருக்குமாகாமல், தீர்ந்த நாள் இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு செப்டெம்பர் மாதம் பதினைந்தாந் திகதி, வெள்ளிக்கிழமை.